சாதிக்கு மட்டும் ஏன் விலக்கு? விசுவாசம், கீழ்ப்படிதல் என்னும் இரு சொற்கள் குறித்து

‘இரட்சிப்பு விசுவாசத்தினால் மட்டுமே, கிரியைகளினால் அன்று’ என்னும் கூற்று நம் தமிழ்ச் சபைகளில் எப்போது உரக்க ஒலிக்கிறது, எப்போது ஒலிக்காமல் போகிறது என்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். தசமபாகம் பற்றிய பிரசங்கத்தில் அது ஒலிப்பதில்லை. பெண்கள் காதணியும் வளையலும் கழற்ற வேண்டும் என்று போதிக்கும் சபைகளில், அந்தப் போதனை நடக்கும் நாளில் ஒலிப்பதில்லை. போதகரின் பேச்சை மீறிய இளைஞனைக் கண்டிக்கும்போது ஒலிப்பதில்லை. அங்கெல்லாம் ஆட்சி செலுத்துவது ‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல். பலியைக் காட்டிலும் கீழ்ப்படிதலே உத்தமம் என்று சாமுவேல் சவுலுக்குச் சொன்னது நினைவூட்டப்படும். சாதி என்ற சொல் எழுந்த மறுகணமே காட்சி மாறிவிடுகிறது. “தம்பி, அது உலகக் காரியம். இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விசுவாசந்தான் முக்கியம்” என்கிறார்கள்.

சபைப் பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியில் ‘மறுபடியும் பிறந்த’ என்னும் அடைமொழிக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயரும் உட்பிரிவும் அச்சாவதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வாதத்தின் வெவ்வேறு வடிவங்களே. செம்பூரிலிருந்து ஒருவர், தாராவியிலிருந்து இருவர், மற்றவர்கள் ஊர்ப்பக்கத்தார். எல்லாரும் மரியாதையாகவே எழுதினார்கள். ஆயின் எல்லாரும் ‘விசுவாசம் மட்டும்’ என்னும் கோட்பாட்டைச் சாதியின் காவலுக்கு நிறுத்தினார்கள். அந்தக் கோட்பாடு எங்கே, எந்தச் சண்டையில் பிறந்தது என்பதை அறிந்தவர் இப்படிச் செய்ய இயலாது என்பதே என் வாதம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். என் துறை அதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம்’ என்று நிற்பது கிரேக்கத்தின் ‘பிஸ்திஸ்’. இச்சொல்லுக்கு நம்பிக்கை, நம்பகம், பற்றுறுதி, கொடுத்த வாக்கைக் காத்தல் என்னும் பொருள்கள் அக்காலக் கிரேக்க வழக்கில் உண்டு. புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இவ்வேறுபாடுகளைக் காணலாம். ரோமர் 3:3இல் இச்சொல் கடவுளைக் குறித்து வருகிறது. கடவுள் ஒரு கோட்பாட்டை நம்புகிறார் என்று பொருள் கொள்ள முடியாதல்லவா? ஆகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் அவ்விடத்தில் ‘உண்மை’ என்று எழுதினார்கள். கடவுளுக்கு வரும்போது உண்மை, மனிதனுக்கு வரும்போது விசுவாசம்; மூலத்திலோ இரண்டும் ஒரே சொல். கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளைப் பட்டியலிடும்போதும் அதே சொல்தான். சாந்தம், தயவு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது ஒரு மனக்கருத்தாக இருக்க இயலாது. அது நடத்தையில் தெரியும் குணம்.

தமிழ் வழக்கும் இதற்கு மாறானதன்று. ‘விசுவாசம்’ வடமொழியிலிருந்து வந்த சொல்லேயாயினும், ஆலயத்துக்கு வெளியே தமிழர் அதை எப்படி வழங்குகிறார்கள் என்று பாருங்கள். நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். எசமான விசுவாசம், ராஜவிசுவாசம் என்கிறோம். 2019இல் அஜித் நடித்த ‘விஸ்வாசம்’ வெளிவந்தபோது, இது விசுவாசப் பிரமாணத்தைப் பற்றிய படம் என்று தாராவியில் எவரும் எண்ணவில்லை. தெருவில் இச்சொல்லுக்குப் பொருள் பற்றுறுதி. ஆலயத்துக்குள் நுழைந்தவுடன் அது ஓர் எண்ணமாக, நெஞ்சுக்குள் நிகழும் ஓர் ஒப்புதலாகச் சுருங்கிவிடுகிறது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை’ என்னும் எளிய சொல்லைத் தேர்ந்தது. எளிமைக்கு அது நன்று. பற்றுறுதி என்னும் நிழல் அதில் இன்னும் குறைகிறது என்பது என் குறை.

ஓர் எச்சரிக்கையை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள்கள் அனைத்தையும் ஒரே வசனத்தில் கொட்டிவிடக் கூடாது. ஜேம்ஸ் பார் 1961லேயே இந்தப் பிழையை வேதாகம ஆய்வாளர்களிடம் எடுத்துக்காட்டி நூல் எழுதினார். மத்தேயு பேட்ஸ் 2017இல் வெளியிட்ட நூலில், பிஸ்திஸ் என்பதை அரசனிடம் காட்டும் பற்றுறுதி என்றே இரட்சிப்பு பற்றிய வசனங்களில் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். அவர் சில இடங்களில் இந்த எல்லையை மீறுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அகராதியால் மட்டும் வழக்கை வெல்ல நான் விரும்பவில்லை. சொல் நின்ற இடத்துக்குப் போவோம்.

ரோமர் நிருபத்தின் தொடக்கத்தில், 1:5இல், தமக்கு அப்போஸ்தலப் பணி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பவுல் சொல்கிறார். அங்கே அவர் வழங்கும் தொடர் ‘ஹுபகோஏ பிஸ்தெஓஸ்’. விசுவாசம், கீழ்ப்படிதல் என்னும் இரண்டு பெயர்ச்சொற்கள், இடையே ஆறாம் வேற்றுமை. நிருபத்தின் முடிவில் 16:26இல் அதே தொடர் மீண்டும் வருகிறது. விசுவாசத்தைப் பற்றிய மாபெரும் நிருபத்தின் இரு வாசற்கதவுகளிலும் கீழ்ப்படிதல் என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. இந்த ஆறாம் வேற்றுமையைப் பல வகையில் விரிக்கலாம்: விசுவாசத்தினின்று பிறக்கும் கீழ்ப்படிதல், விசுவாசமாகிய கீழ்ப்படிதல், விசுவாசத்தை ஏற்றுப் பணிதல். நம் பழைய மொழிபெயர்ப்பு நான்காம் வேற்றுமை உருபை இட்டு, ‘விசுவாசத்திற்கு’க் கீழ்ப்படிதல் என்று மூன்றாம் பொருளைத் தேர்ந்துகொண்டது. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? விசுவாசம் என்பது நமக்கு வெளியே நிற்கும் ஒரு போதனைத் தொகுதியாகவும், கீழ்ப்படிதல் என்பது அதற்குத் தலையாட்டுதலாகவும் ஆகிவிட்டன. ஒரு வேற்றுமை உருபு எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே வசனத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. எல்லா இனத்தாரும் என்னும் பொருளில் மூலத்தில் வருவதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘சகல ஜாதிகள்’ என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் கருதியது உலகின் மக்களினங்களை. ஆயினும் தமிழ் வாசகரின் காதில் விழுவது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். விசுவாசம், கீழ்ப்படிதல், ஜாதி ஆகிய மூன்று சொற்களும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. நாம்தாம் மூன்றாவதைத் தனியே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். கிரியைகளினால் அன்று, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் வாதிடும் மிகப் பழைய இடம் கலாத்தியர் 2:16. அதற்கு மேலே உள்ள ஐந்து வசனங்களை வாசித்துவிட்டு அதற்கு வாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுக்கு அஞ்சிப் பேதுரு பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூதரும் விலகினார்கள். பர்னபாவுங்கூட இழுபட்டுப் போனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்தார். அவருடைய குற்றச்சாட்டைக் கவனியுங்கள். பேதுருவின் விசுவாசப் பிரமாணத்தில் பிழை இருப்பதாகப் பவுல் சொல்லவில்லை. பேதுருவின் நடை சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு நேராக இல்லை என்றார். நடை! எழுந்து வேறு பந்திக்குப் போன கால்கள். இந்தச் சண்டையைச் சொல்லி முடித்த கையோடுதான், அதே மூச்சில், விசுவாசத்தினால் நீதிமானாதல் என்னும் போதனையைப் பவுல் எழுதுகிறார்.

அதாவது, ‘விசுவாசத்தினாலே’ என்னும் கோட்பாடு யார் யாரோடு உண்பது என்னும் வழக்கில் பிறந்தது. பிறப்பால் வந்த தூய்மை ஒருவனைக் கடவுளின் குடும்பத்தில் உயர்த்தாது. ஆகவே பந்தியைப் பிரிக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் முதற்பொருள். ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்று பவுல் மறுப்பது முதன்மையாக விருத்தசேதனம், உணவுவிதி, ஓய்வுநாள் போன்ற எல்லைக்கோடுகளையே என்று 1980களில் ஜேம்ஸ் டன் வாதிட்டார். அவரை முழுதும் ஏற்க வேண்டியதில்லை. அந்தியோகியாவில் நடந்தது பந்திச் சண்டை என்பதை மறுக்க டன்னும் வேண்டாம், நானும் வேண்டாம், வசனமே போதும். அந்தக் கோட்பாட்டையே எடுத்துப் பந்தியைப் பிரிப்பதற்கு, பெண் கொடுக்க மறுப்பதற்கு, கல்லறையில் சுவர் எழுப்புவதற்குக் காப்பாக வைப்பவர்கள் பவுலின் பக்கம் நின்று பேசவில்லை. அவர்கள் எழுந்து போன பேதுருவின் பக்கம் நிற்கிறார்கள். கையில் மட்டும் பவுலின் கடிதம்.

லூத்தரை இழுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரோமர் 3:28இல் ‘மட்டும்’ என்னும் சொல் கிரேக்க மூலத்தில் இல்லை. 1522இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் லூத்தர் சேர்த்தது. ஜெர்மன் வழக்குக்கு அது தேவை என்று 1530இல் தனிக் கடிதமே எழுதி வாதாடினார். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அவர் வாதத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தினாலே மாத்திரம்’ என்னும் தொடர் வெளிப்படையாக வரும் இடம் யாக்கோபு 2:24. அங்கே அது மறுக்கப்படுகிறது. லூத்தருக்கு யாக்கோபின் நிருபம் பிடிக்காமற்போனது தெரிந்த கதை. ஆனால் அதே 1522இல் ரோமருக்கு அவர் எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாது செயற்படுவது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்றுதான் விளக்குகிறார். நம்மவர் கையிலிருப்பது லூத்தரின் விசுவாசமும் அன்று.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் கதையில் இந்தப் பிளவு மிகப் பழையது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு 1706இல் வந்தார். முதல் தமிழ்ச் சீர்திருத்தப் போதகராக ஆரோன் 1733இல் அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். அடுத்த போதகரைத் தேர்ந்தபோது, தஞ்சைப் பகுதியில் அயராது உழைத்த இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர், துணிவும் தெளிவும் உள்ளவர். ஆனால் பறையர். அவர் கையால் திருவிருந்து பெற வேளாளக் கிறித்தவர் தயங்குவர் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் தியோகு அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே நின்றார். அன்று எவரும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கலாத்தியர் 2 அவர்கள் கையில் தமிழிலேயே இருந்தது. புதிய ஏற்பாடு அச்சாகி ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அமரும் இடத்தில், திருவிருந்துக்கு வரும் வரிசையில் எவ்வேறுபாடும் கூடாது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் சாதியைக் குடிமை வழக்கம் என்று கருதிப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனில் அவர்களிற் பலர் சேர்ந்தார்கள். தமிழை நேசித்த, திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரவுல் அந்த மிஷனின் இயக்குநர். சாதியிடம் பொறுமை வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் புதிய மிஷனரிகளின் சாதி ஒழிப்பை எதிர்த்து எழுதினார்.

சாஸ்திரியாரைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டு வளராத தமிழ்க் கிறித்தவர் யார்? அவர் எதிர்ப்பில் ஒரு நியாயமான பகுதியும் இருந்தது. தமிழ்ப் பாடல்களையும் மணவீட்டுப் பூக்களையும் பழகிப்போன வேத மொழிபெயர்ப்பையும் ஐரோப்பியர் தம் விருப்பப்படி மாற்றியது அவரை வருத்தியது. அதிலெல்லாம் நான் அவர் பக்கம். பூமாலையும் திருவிருந்து வரிசையும் ஒரே வகையான ‘வழக்கம்’ என்று அவர் சேர்த்துக் கட்டியதுதான் பிழை. பூ எவரையும் தாழ்த்துவதில்லை.

கத்தோலிக்கரைப் பார்த்துச் சிரிக்கவும் இடமில்லை, அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் இடமில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு கிளைகளாகப் பிரித்துக் கட்டிய கோயிலில் வேளாளர் ஒரு பக்கமும் நாடார் உள்ளிட்ட பிறர் மறுபக்கமும் இருந்து வழிபட்டார்கள். இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரிக்கும் சுவர் எத்தனை போராட்டங்களைக் கண்டது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. கிரியைக்கு இடம் கொடுக்கும் போதனை ஒரு பக்கம், விசுவாசம் மட்டும் என்னும் போதனை மறுபக்கம். இரண்டும் ஒரே சுவரை எழுப்பின.

‘அதெல்லாம் ஊரில், மும்பையில் சாதி ஏது?’ என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தாராவித் தமிழரிற் பலரின் வேர் நெல்லைச் சீமையில்தான். 90 அடிச் சாலையிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் குடிநீர்க் குழாய் எல்லார்க்கும் பொது; சுவர்கள் பொது; மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் தண்ணீரும் பொது. ஆலயத்தில் ஒரே பாயில் அமர்கிறோம். உண்மை. இந்த நகரம் நம்மை அருகருகே அமர்த்திவிட்டது; அது நெருக்கடியின் கைங்கரியம், நம் கீழ்ப்படிதல் அன்று. நாமே தேர்ந்துகொள்ளக்கூடிய இடம் ஒன்று மீந்திருக்கிறது: பிள்ளையின் திருமணம். அங்கே ஊரிலிருந்து மாமா வருகிறார், உட்பிரிவு கேட்கிறார், போதகர் ஜெபித்து நடத்திவைக்கிறார். அந்தியோகியாவுக்கு யாக்கோபிடமிருந்து வந்தவர்கள் நம்மிடம் ரயிலேறி வருகிறார்கள்.

மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில், இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ நிற்கிறது. அங்கே வாழ்ந்த அம்பேத்கர், மதம் மாறிய தீண்டப்படாதாரின் நிலையைப் பற்றி எழுதிவைத்த கட்டுரை அவர் மறைவுக்குப் பின் அச்சானது. கிறித்தவ போதனை அவனுடைய துன்பத்துக்குக் காரணம் அவனுக்குள் இருக்கும் பாவம் என்று சொல்லி, அவனைச் சூழ்ந்திருக்கும் அநீதியை மாற்றும் உந்துதலைத் தணித்துவிடுகிறது என்பது அதில் அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நம் இறையியல் வகுப்புகளில் இதற்குப் பதிலாக ‘அவர் கிருபையைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர் நம்மைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. அது அநீதி, போராட வேண்டியதுதான். ஆனால் தில்லியில் ‘எங்களுக்குள் சாதிக் கொடுமை தொடர்கிறது’ என்று மனுக் கொடுக்கும் சபைத் தலைவர்கள், திரும்பி வந்து ‘கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை’ என்று பிரசங்கிப்பதை எந்த வேற்றுமை உருபு கொண்டும் என்னால் இணைக்க முடியவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப்போவது நேர்மையன்று. கீழ்ப்படிதலை இரட்சிப்போடு சேர்த்தால், யாருடைய கீழ்ப்படிதல், எவ்வளவு என்னும் கணக்கு தொடங்கிவிடும். ஏழை விசுவாசியின் தலையில் இன்னொரு சுமை ஏறும். போதகர்கள் கையில் இன்னொரு பிரம்பு கிடைக்கும் என்கிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. தமிழில் இச்சொல்லின் உடலிலேயே ‘கீழ்’ இருக்கிறது. நம் சமூகத்தில் யார் கீழே படிய வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் இன்னொரு வழக்கும் உண்டு. ‘அம்மா சொல்லைக் கேள்’ என்கிறோம். கேட்டல் என்பதே பணிதல். எபிரேயத்தின் ‘ஷமா’வும் அப்படித்தான், கிரேக்கச் சொல்லுக்குள்ளும் ‘கேள்’ என்னும் வினை இருக்கிறது. வேதாகமம் கேட்கும் கீழ்ப்படிதல், வலியவனுக்கு முன் குனிதல் அன்று. சொல்லப்பட்டதைக் கேட்டு எழுந்து நடத்தல். பேதுரு அந்தியோகியாவில் வந்தவர்களுக்கு நன்றாகவே ‘கீழ்ப்படிந்தார்’. பவுல் கண்டித்தது அந்தக் கீழ்ப்படிதலைத்தான்.

இது கூலிக்கு வேலை செய்தலும் அன்று. பந்தியில் திரும்ப அமர்ந்ததற்காகப் பேதுருவுக்குப் பரலோகத்தில் ஓர் இடம் விலைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பந்தியிலிருந்து எழுந்துபோய்க்கொண்டே ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்று சொல்ல இயலாது. எழுந்து போவதே விசுவாசத்துக்கு எதிரான அறிக்கை. போன்ஹோஃபர் 1937இல், நாஜி ஜெர்மனியில், யூத வழித்தோன்றலான கிறித்தவரை ஒதுக்கச் சபைகள் ஆயத்தமாயிருந்த காலத்தில், மலிவான கிருபையைப் பற்றி எழுதினார். கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்று அவர் துணிந்ததற்குப் பின்னாலும் யாரை உள்ளே விடுவது என்னும் கேள்வி நின்றது. லூத்தரன் உலகச் சம்மேளனமும் உரோமைத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க்கில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நடந்த வழக்கு பெரிதும் தணிந்துவிட்டது. நம் வழக்கு அதுவன்று. நாம் அதை எடுத்து வைத்துக்கொண்டு நம்முடையதை மறைக்கிறோம்.

ஆகவே போதகர்களிடமும் பத்திரிகை நடத்தும் அண்ணன்மாரிடமும் என் கோரிக்கை சிறியது. காதணியை அளக்கும் அதே கீழ்ப்படிதலின் கோலால் மணமக்கள் பகுதியையும் ஒரு முறை அளந்து பாருங்கள். அடுத்த இதழில் சாதிப்பெயரும் உட்பிரிவும் கேட்கும் வரியை நீக்குங்கள். விளம்பரங்கள் குறையும், சந்தாவும் குறையலாம். விளம்பரம் கொடுக்க வந்தவர் ‘அப்படியானால் வேண்டாம்’ என்று எழுந்து போனால், அவரிடம் கலாத்தியர் 2ஐ 11ஆம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். 16இலிருந்து தொடங்க வேண்டாம்.